வாக்களிப்பு நாளில் தொடங்காதீர்கள்: புளோக்கில் தேர்தல் விவரம் சொல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020, 2023, 2025 என மூன்று தேர்தல்களில், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலும் பக்கத்து இரண்டு புளோக்குகளிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வாக்களிக்கும் நடைமுறையை எடுத்துச் சொல்லும் வேலையை நாங்கள் ஐந்து பேர் செய்தோம். யாருக்குப் போடுவது என்று நாங்கள் வாய் திறப்பதில்லை. எப்போது, எங்கே, எதை எடுத்துக்கொண்டு, எப்படி என்பதோடு சரி.

முதல் முறை பெரிய தப்பு செய்தோம். வாக்களிப்பு நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கினோம். கொவிட் காலம் என்பதால் எல்லாமே தொலைபேசியில். சீட்டில் எங்கே குறியிட வேண்டும் என்று ஒருவருக்குப் பத்து நிமிடம் விளக்கிய பிறகுதான் தெரிந்தது, அவர் பெயரே பட்டியலில் இல்லை. முந்தைய பொதுத்தேர்தலில் அவர் வாக்களிக்கவில்லை. அந்த நேரத்தில் அதைச் சரிசெய்ய வழியும் இல்லை. அதனால்தான் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யச் சொல்கிறேன்.

## 1. எப்போது தொடங்குவது

இப்போதே. அதிபர் தர்மன் சண்முகரத்னத்தின் ஆறாண்டுத் தவணை 2029 செப்டம்பரில் முடிகிறது. இப்போதைய நாடாளுமன்றம் முதலில் கூடியது 2025 செப்டம்பர் 5ஆம் தேதி. ஐந்தாண்டுக் கணக்கில் அதன் காலம் 2030 வரை. பொதுத்தேர்தல் அதற்கு முன்பே வரலாம், யாரிடமும் சொல்லிவிட்டு வராது.

தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்ட பிறகு கிடைப்பது மிகக் குறைந்த அவகாசம். 2025இல் ஏப்ரல் 15 அன்று ஆணை வந்தது, 23 அன்று வேட்புமனுத் தாக்கல், மே 3 அன்று வாக்களிப்பு. மொத்தம் 18 நாள். பெயரைச் சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு ஆணை வந்தவுடனேயே கதவு சாத்தப்பட்டுவிடும். தேர்தல் இல்லாத அமைதியான ஆண்டுகளில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி இருக்கிறது.

## 2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று அல்லது நான்கு பேர். அதில் ஒருவராவது கைப்பேசியில் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளச் சேவை) செயலியைப் பொறுமையாகச் சொல்லித்தரக்கூடியவராக இருக்க வேண்டும். எங்கள் குழுவில் அது பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பி. நான் சொன்னால் "நீங்க செஞ்சு குடுத்துருங்க" என்று கைப்பேசியை நீட்டுகிற அத்தைமார், அவன் சொன்னால் தாங்களே அழுத்திப் பார்க்கிறார்கள்.

குழுவில் எல்லாரும் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்கட்டும். வெளிநாட்டவர் இங்கே தேர்தல் நடவடிக்கைகளில் ஈடுபடக் கூடாது. நிரந்தரவாசிகளும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். நடைமுறை சொல்வது பிரசாரம் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் பேச்சு எந்த நிமிடம் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. உதவ வந்த மருமகளை எதற்குச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டும்?

தேர்தல் துறையின் வாக்காளர் விளக்கங்கள் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வருகின்றன. தமிழில் உள்ளதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நினைவிலிருந்து சொல்லாதீர்கள். விதிகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் கொஞ்சம் மாறுகின்றன. 2020இல் நான் மனப்பாடம் செய்த சில விஷயங்கள் 2023இல் செல்லாக்காசு.

ஒரு நோட்டுப் புத்தகம். அதில் வீட்டு எண்ணும் என்ன உதவி வேண்டும் என்பதும் மட்டும் இருக்கட்டும். அடையாள அட்டை எண், பிறந்த தேதி, சிங்பாஸ் கடவுச்சொல் எதையும் கேட்காதீர்கள், எழுதாதீர்கள். மோசடிக்காரர்கள் பேசுவதும் இப்படித்தான் இருக்கும். நீங்கள் நல்லவர் என்பது அந்த வீட்டுப் பாட்டிக்கு எப்படித் தெரியும்? "ஐசி நம்பர் யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்பதுதான் எங்கள் முதல் வாக்கியம். அதைச் சொன்ன பிறகே பலர் கதவை முழுசாகத் திறந்தார்கள்.

## 3. யார் வாக்காளர் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

சிங்கப்பூர்க் குடிமகன், குறிப்பிட்ட தகுதித் தேதியில் 21 வயது நிரம்பியவர், அடையாள அட்டையில் உள்ளூர் முகவரி உள்ளவர். இவர்கள் பெயர் தானாகவே பட்டியலில் ஏறும், தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் குடிமகனான மகன், நிரந்தரவாசியான மருமகள், நீண்டகால வருகை அட்டையில் அம்மா என்று மூன்று வகையும் இருக்கும். எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இரண்டு பேரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அண்மையில் குடியுரிமை பெற்றவர். அவருக்கு ஊர்த் தேர்தல் பழக்கம். ஊரில் வாக்களிப்பது அவர் விருப்பம், இங்கே அது கட்டாயம். அந்த வேறுபாட்டை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொருவர் 21 வயதை இப்போதுதான் எட்டியவர். அவர் எல்லாம் தெரிந்ததுபோல் தலையாட்டுவார், நம்பாதீர்கள்.

## 4. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வைப்பது

இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். தேர்தல் துறையின் இணையத்தளத்தில் சிங்பாஸ் வழியாக நுழைந்தால் பெயர் இருக்கிறதா, எந்தத் தொகுதி என்று தெரியும். பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில் சமூக மன்றத்துக்குப் போயும் பார்க்கலாம். சிங்பாஸ் பழகாத பெரியவர்களுக்கு இரண்டாவது வழி நல்லது. ஒரு காலை வேளையில் நான்கு பேரைச் சேர்த்து அழைத்துப்போய், திரும்பும் வழியில் ஒரு தே தாரிக் குடித்தால் வேலை முடிந்தது.

இங்கே நடக்கும் தவறு: "போன தடவை ஓட்டுப் போட்டேனே, பேர் இல்லாமலா போகும்?" என்று பார்க்காமலே விடுவது. சென்ற முறை போட்டது எது என்று கேளுங்கள். 2023 அதிபர் தேர்தலில் போட்டுவிட்டு 2025 பொதுத்தேர்தலைத் தவறவிட்டவர் உண்டு. அவர் மனத்தில் நிற்பது போட்டது, போடாதது மறந்துவிடும்.

அடுத்தது முகவரி. பட்டியல் தகுதித் தேதியில் உங்கள் அடையாள அட்டையில் இருந்த முகவரிப்படி தயாராகிறது. 2025 தேர்தலுக்கு அந்தத் தேதி பிப்ரவரி 1. அதற்குப் பிறகு வீடு மாறியவர்கள் பழைய முகவரியின் தொகுதியில்தான் வாக்களித்தார்கள். புது பிடிஓ (முன்பதிவு செய்து கட்டப்படும் அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குப் போன ஒரு தம்பதிக்கு இது புரியவேயில்லை. புதுத் தொகுதிக்கான வேட்பாளர்களைப் பற்றி இரண்டு வாரம் வீட்டில் விவாதித்திருக்கிறார்கள், கடைசியில் சீட்டில் வேறு முகங்கள். வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்தாலே பாதிச் சிக்கல் வராது.

## 5. விடுபட்ட பெயரை மீண்டும் சேர்ப்பது

வாக்களிக்கத் தவறினால் பெயர் நீக்கப்படும். நீக்கப்பட்டவர் அடுத்து அதிபர் தேர்தலிலும் பொதுத்தேர்தலிலும் வாக்களிக்க முடியாது, வேட்பாளராக நிற்கவும் முடியாது. சிறைக்குப் போக வேண்டியிருக்குமோ, வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குப் பிரச்சினை வருமோ என்றெல்லாம் பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. தேர்தல் துறைக்கு விண்ணப்பித்தால் போதும். இணையத்தில் செய்யலாம்.

நியாயமான காரணம் இருந்தால் கட்டணம் இல்லை. வெளிநாட்டில் வேலை, படிப்பு, பயணம், உடல்நலக் குறைவு, பிரசவம் போன்றவை காரணங்களாக ஏற்கப்படும். காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் தேர்தல் ஆணை வந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க முடியாது.

எங்கள் நோட்டில் இந்தப் பிரிவில் வரும் பெயர்களைச் சிவப்பு மையில் எழுதுகிறோம். மற்ற எல்லா வேலைகளையும் தள்ளிப்போடலாம், இதை முடியாது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் தம்பி" என்பவரிடம் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் மூன்று மாதம் கழித்து மறுபடி கதவைத் தட்டுங்கள்.

## 6. தொகுதி எது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள்

தேர்தலுக்கு முன் தொகுதி எல்லை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை வரும். 2025இல் அது மார்ச் 11 அன்று வந்தது. மொத்தம் 97 இடங்கள், 18 குழுத்தொகுதிகள் (பலர் ஓர் அணியாக நிற்பவை), 15 தனித்தொகுதிகள் (ஒருவரைத் தேர்ந்தெடுப்பவை). பொங்கோல் தனிக் குழுத்தொகுதி ஆனது. யூஹுவா, புக்கிட் பாத்தோக், மெக்பர்சன் போன்ற தனித்தொகுதிகள் மறைந்தன. வீடு அதே இடத்தில் இருக்கும், தொகுதியின் பெயர் மாறியிருக்கும்.

மெக்பர்சனில் இருக்கும் என் அக்காவின் கதை இதற்கு நல்ல பாடம். 2020இல் தனித்தொகுதியில் வாக்களித்தவர், 2025இல் மரின் பரேட் – பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதிக்குள் வந்துவிட்டார். அங்கே வேட்புமனு நாளில் எதிரணி மனுத் தாக்கல் செய்யவில்லை, போட்டியின்றி முடிந்தது. 2011இல் தஞ்சோங் பகாருக்குப் பிறகு ஒரு குழுத்தொகுதியில் அப்படி நடந்தது இதுதான். அக்காவோ மே 3 காலை புடவை கட்டிக்கொண்டு எனக்கு அழைக்கிறார்: "எனக்கு மட்டும் கார்டு வரலடா, பேரை எடுத்துட்டாங்களா?" போட்டியில்லாத தொகுதியில் வாக்களிப்பு கிடையாது, அதனால் பெயரும் நீக்கப்படாது. வேட்புமனு நாள் நண்பகலுக்குப் பிறகு இதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள். மனுக்கள் காலை 11 முதல் 12 மணிக்குள் தரப்படும், பிற்பகலுக்குள் எந்தத் தொகுதியில் போட்டி என்பது தெரிந்துவிடும்.

## 7. வாக்களிப்பு அட்டை

போட்டி உறுதியானதும் அட்டை அஞ்சலில் வரும். சிங்பாஸ் செயலியிலும் மின்னிலக்க அட்டை கிடைக்கும். அதில் இருக்கும் முக்கியமான வரி வாக்களிப்பு நிலையத்தின் முகவரி. ஒருவருக்கு ஒரு நிலையம்தான். அருகில் இருக்கிறது, வரிசை குறைவு, சம்பந்தி வீட்டுக்குப் போகும் வழி என்று வேறு நிலையத்தில் போட முடியாது.

"போன முறை நம்ம கீழ்த்தளத்துலதானே" என்று நினைத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டிருப்பதைக் கவனிக்காதவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நிலையம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் அட்டையில் பழைய முகவரி இருந்தால் மாறிவிடும். ஒவ்வொரு அட்டையையும் விரலை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் புளோக்கில் 80 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, அட்டை வந்த நாளிலேயே அதைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைச் சாமி மாடத்தின் கீழே தள்ளி, அப்புறம் மறந்துவிட்டார். வீட்டை ஒரு மணி நேரம் புரட்டினோம். இப்போது நாங்கள் சொல்வது ஒன்றுதான்: அட்டை வந்ததும் அடையாள அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, தினமும் கையில் எடுக்கும் பணப்பையில் வையுங்கள். பத்திரமான இடம் வேண்டாம், கண்ணில் படுகிற இடம் போதும்.

## 8. ஒத்திகை: சீட்டில் குறியிடுவது

வாய்ப்பேச்சில் இது புரியாது. ஒரு தாளில் செய்து காட்ட வேண்டும். உண்மையான சீட்டைப்போல் அச்சிடாதீர்கள், கட்சிச் சின்னமோ வேட்பாளர் பெயரோ வேண்டாம். எங்களிடம் "டுரியான் அணி", "ரம்புத்தான் அணி" என்று இரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து கற்பனைப் பெயர்கள், ஓரத்தில் குறியிட ஒரு கட்டம்.

முதல் தடவை இதை வைத்துச் செய்தபோது பாட்டி டுரியான் அணியில் ஐந்து பெயர் மேலும் ஐந்து பெருக்கல் குறி போட்டார். "அஞ்சு பேரும் வரணும்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குழுத்தொகுதியில் ஓர் அணிக்கு ஒரே ஒரு குறி என்பதை அதுவரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருவர் டுரியானில் இரண்டு பெயரும் ரம்புத்தானில் ஒரு பெயரும் தேர்ந்தெடுத்தார், ஏதோ சாப்பாட்டுக் கடையில் கலந்து வாங்குவதுபோல். இப்படிக் கலக்க முடியாது. இரண்டு அணியிலும் குறி இருந்தால் வாக்கு செல்லாது.

சொல்லித்தர வேண்டியது இவ்வளவுதான். உரிய கட்டத்துக்குள் ஒரே ஒரு பெருக்கல் குறி. அதற்கென அங்கே குறியிடும் பேனா வைத்திருப்பார்கள், அழுத்தினால் குறி விழும். சொந்தப் பேனாவும் பயன்படுத்தலாம். பெயர், கையெழுத்து, "நல்லா செய்யுங்க" என்ற வாழ்த்து, திட்டு எதையும் எழுதக் கூடாது. எழுதியவர் யார் என்று அடையாளம் தெரிந்தால் வாக்கு நிராகரிக்கப்படும்.

கை தவறித் தப்பாகக் குறித்துவிட்டால்? பெட்டியில் போடுவதற்கு முன் நிலைய அதிகாரியிடம் சீட்டைக் கொடுத்து விவரம் சொன்னால் புதுச் சீட்டு கேட்கலாம். இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அடித்துத் திருத்திப் போட்டுவிட்டு வெளியே வந்து கண்கலங்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

அதிபர் தேர்தலில் கட்சியும் இல்லை, அணியும் இல்லை, தனித்தனி வேட்பாளர்கள்தான். 2023இல் மூன்று பேர் நின்றார்கள். அதனால் அதற்கு வேறு ஒத்திகைத் தாள் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நாளில் காட்டாதீர்கள்.

## 9. "நான் யாருக்குப் போட்டேன்னு தெரியுமாமே?"

இந்தக் கேள்வி பெரும்பாலும் நேராக வராது. சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பார்கள். சீட்டில் வரிசை எண் இருக்கிறது, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது நெடுநாளைய பயம். சிரித்து ஒதுக்கினால் போகாது. எண் ஏன் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கள்ளச் சீட்டும் எண்ணிக்கை மோசடியும் நடக்காமல் இருக்கத்தான் அந்த எண். எண்ணும்போது அதிகாரிகள் பார்ப்பது குறி எங்கே என்பதை மட்டுமே. எண்ணி முடிந்ததும் சீட்டுகள் பெட்டிகளில் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றக் காப்பறையில் ஆறு மாதம் இருக்கும், பிறகு அழிக்கப்படும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் திறந்து பார்க்க முடியாது. இந்த ஆறு மாதக் கணக்கைச் சொன்னதும் பலருடைய முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். "அழிச்சிடுவாங்களா?" என்று இரண்டாம் முறை கேட்பார்கள். ஆமாம், அழித்துவிடுவார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இரகசியத்தை நாமும் காக்க வேண்டும். நிலையத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. குறியிட்ட சீட்டைப் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போடும் ஆசை இளையோருக்கு வரும். கைப்பேசியைப் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் "யாருக்குப் போட்டீங்க?" என்று தாத்தாவை நச்சரிக்கும் பேரப்பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

## 10. உதவி தேவைப்படுவோர்

மகன் கூடவே மறைப்புக்குள் போய்க் குறியிட்டுத் தர முடியாது. உடற்குறை உள்ளவருக்கு உதவ அனுமதி பெற்றவர்கள் தேர்தல் அதிகாரிகள் மட்டுமே. அவர்கள் இரகசியம் காக்கும் உறுதிமொழி எடுத்தவர்கள். பார்வைக் குறையுள்ளவர்கள் தாங்களே குறியிட, தொட்டு உணரக்கூடிய அச்சுப்பலகை இருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நிலைய வாசலில் மகன் அதிகாரியிடம் வாதிடுவார், அப்பா சக்கர நாற்காலியில் தலையைக் குனிந்துகொள்வார். நான் பார்த்த காட்சி இது.

தாதிமை இல்லத்தில் பெற்றோர் இருந்தால், அந்த இல்லத்திலேயே சிறப்பு வாக்களிப்பு உண்டா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். 2023 அதிபர் தேர்தலில் குறிப்பிட்ட சில இல்லங்களில் சோதனை முறையில் அது நடந்தது, 2025இலும் இருந்தது. 2023இல் படுக்கையில் இருப்போரிடம் அதிகாரிகளே போனார்கள். எல்லா இல்லத்துக்கும் அது பொருந்தாது என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

## 11. வெளிநாட்டில் இருப்போர்

நம்மவர்களிடம் அதிகம் வரும் கேள்வி: சென்னையில் போட முடியுமா? முடியாது. 2025இல் வெளிநாட்டு வாக்களிப்பு நிலையங்கள் பத்து நகரங்களில் இருந்தன: பெய்ஜிங், கேன்பரா, துபாய், ஹாங்காங், லண்டன், நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ, ஷங்காய், தோக்கியோ, வாஷிங்டன். இந்தியாவில் ஒன்றும் இல்லை. சென்னையில் இருப்பவருக்கு அஞ்சல் வாக்குதான் வழி. அது 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முதலில் வெளிநாட்டு வாக்காளராகப் பதிய வேண்டும். தகுதித் தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மொத்தம் 30 நாளாவது சிங்கப்பூரில் இருந்திருக்க வேண்டும். ஆணை வந்த பிறகு பதிவுக்கு இரண்டு நாள்தான். ஆகவே வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்றைக்கே குறுந்தகவல் அனுப்புங்கள். அஞ்சல் சீட்டைத் தாங்களே அச்சிட்டு, வாக்களிப்பு நாளுக்கு முன் அஞ்சலில் சேர்த்துவிட வேண்டும். உறையில் அஞ்சல் முத்திரைத் தேதி தெரிய வேண்டும். வாக்களிப்பு நாளுக்குப் பின் பத்து நாளுக்குள் சிங்கப்பூர் வந்து சேராவிட்டால் எண்ணப்படாது.

## 12. வாட்ஸ்அப் குழுவை நடத்தும் முறை

குழு தொடங்கினால் நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி வைத்துவிடுங்கள். 2023இல் எல்லாரும் எழுதட்டும் என்று விட்டேன். மூன்றாம் நாளில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஒரு வேட்பாளரைப் பற்றிய வதந்தி வந்து விழுந்தது, அதற்கு 40 பதில்கள். எங்கள் குழு கட்சி சார்பற்றது என்று அதன்பின் யாரை நம்பவைப்பது?

சட்டப்படி தெரிந்திருக்க வேண்டியவை சில. ஆணை வந்ததிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை கருத்துக்கணிப்பு முடிவுகளை வெளியிடக் கூடாது. அதே காலத்தில் வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல், செய்யாததைச் செய்ததுபோல் மின்னிலக்க முறையில் போலியாக உருவாக்கிய காணொளிகளை வெளியிடுவதும் பகிர்வதும் குற்றம். 2024 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் இது. சிரிப்புக்காக அனுப்பினேன் என்பது உதவாது. 2025 தேர்தலின்போது வெளிநாட்டவர் சிலர் போட்ட பதிவுகளைச் சிங்கப்பூர்ப் பயனாளர்கள் பார்க்காதபடி முடக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவிட்டது. ஆகவே ஊரிலிருந்து மாமா அனுப்புகிற சிங்கப்பூர் அரசியல் பதிவுகளைக் குழுவில் தள்ளிவிடாதீர்கள்.

வாக்களிப்புக்கு முந்தைய நாள் பிரசார ஓய்வு நாள். அன்றும் மறுநாளும் பிரசாரம் கிடையாது, கட்சிச் சின்னம் அணியக் கூடாது. தனிமனிதர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் சொந்தக் கருத்தைச் சொல்வதற்கு விலக்கு உண்டு. ஆனால் நூறு பேர் இருக்கும் குழுவில் அந்த நுணுக்கத்தை யார் பிரித்துப் பார்ப்பது? அந்த இரண்டு நாளும் எங்கள் குழுவில் நிலைய முகவரியும் நேரமும் தவிர வேறொன்றும் வராது.

செய்திக்குத் தமிழ் முரசு, ஒலி 96.8, வசந்தம், செய்தி இணையத்தளம் என்று நமக்கு இருக்கின்றன. எதையாவது சரிபார்க்க வேண்டுமென்றால் அங்கே கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அனுப்பாமல் விடுவது மேல்.

## 13. வாக்களிப்பு நாள்

காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. அன்று பொது விடுமுறை. வேலைக்குப் போகிறவர்களுக்கும் வாக்களிக்கப் போதிய நேரம் தர முதலாளி கடமைப்பட்டவர். உணவகத்திலும் பாதுகாவல் பணியிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள். முந்தைய வாரமே பணி அட்டவணையைப் பார்த்து மேலாளரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கூட்டம் காலையில்தான் அதிகம். கோயிலுக்குப் போவதுபோல் விடியலில் குளித்துவிட்டு எல்லாரும் எட்டு மணிக்கே போய் நிற்கிறார்கள். வரிசை நிலவரத்தைக் காட்டும் வோட்கியூ என்ற இணையச் சேவை இருக்கிறது. மதிய வாக்கில் பார்த்துப் போனால் முட்டிவலிக்காரர்களுக்கு நல்லது. முதியோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் முன்னுரிமை தருவார்கள், வாசலில் உள்ள அதிகாரியிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

எடுத்துப்போக வேண்டியவை வாக்களிப்பு அட்டை, அடையாள அட்டை இரண்டும்தான். சிங்பாஸில் உள்ள மின்னிலக்க அடையாள அட்டையும் ஏற்கப்படும். ஆனால் செயலியைத் திறந்து காட்ட வேண்டும், முன்பே எடுத்த திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுபடாது. கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்து நின்ற ஓர் இளைஞரைப் பார்த்தபின் நான் எல்லாருக்கும் அசல் அட்டையையே எடுத்துப்போகச் சொல்கிறேன்.

நீங்கள் நிலையத்துக்குள் போய் மற்றவர்களை வழிநடத்த முயலாதீர்கள். உங்கள் வாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு நோட்டில் உள்ளவர்களுக்கு ஓர் அழைப்பு: "போயிட்டு வந்தாச்சா?" அதற்கு மேல் ஒரு கேள்வியும் வேண்டாம்.

இரவு மாதிரி எண்ணிக்கை வெளிவரும்போது குழப்பம் வரும். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் 100 சீட்டுகளை எடுத்து எண்ணிச் சொல்லும் கணிப்பு அது. நான்கு விழுக்காட்டுப் புள்ளி அளவுக்கு மேலே கீழே இருக்கலாம். தேர்தல் அதிகாரி அறிவிப்பதுதான் முடிவு.

## 14. மறுநாள்

ஆறு மணி அழைப்பில் "போகல" என்றவர்களின் பெயர் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அடுத்த சுற்றின் முதல் பக்கம் அது. காரணத்தை அப்போதே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், மருத்துவச் சான்றையோ பயணச் சீட்டையோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அவை வீட்டில் இருக்காது.

2025 மே 4ஆம் தேதி எங்கள் நோட்டில் சிவப்பு மையில் நான்கு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் என் சொந்தச் சித்தப்பா. ஏப்ரல் கடைசியில் தஞ்சாவூருக்குக் குலதெய்வப் பூசைக்குப் போனவர், தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே விமானச் சீட்டு வாங்கிவிட்டார். திரும்பி வந்ததும் போர்டிங் பாஸைக் கேட்டேன். சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு மடித்து வைத்திருந்தார். படம் எடுத்து வைத்துக்கொண்டேன். விண்ணப்பம் திறந்ததும் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்து மேசையில் உட்கார்ந்து, தம்பி சிங்பாஸைத் திறந்து காட்ட, சித்தப்பாவே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினார்.